வேகமான மாடலுக்கு எந்த எஞ்சின்?

(செகந்திராபாதில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்காட்சி மேடையில் துணி விலக்கிக் காட்டுகிறார்கள். படம் பத்திரிகையில் வந்த மறுநாளே டீக்கடையில் பேச்சு ஆரம்பமாகிவிடும். ‘இது சாதா மாடல்தான். இதைவிட வேகமாக ஒன்று பின்னால் வரும் பாருங்கள். அதில் என்ன எஞ்சின் போடுவான்?’ ஒருவர் வி6 என்பார், இன்னொருவர் வி8 என்பார். மூன்றாமவர், காலம் மாறிப்போச்சு, மோட்டார்தான் என்பார். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளத்தான் நானும் வந்திருக்கிறேன். எஞ்சின் வேலையிலேயே காலம் ஓட்டியவன் என்பதால், அதைக் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஊகிக்கிறவர்கள் சிலிண்டரை எண்ணுகிறார்கள். கார் செய்கிறவர்கள் அலமாரியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அது எத்தனை கிலோ, எவ்வளவு சூடாகும், சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் பாதி ஊகம் தானாகவே சரியாகிவிடும்.

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச்சில், ஜெனீவா மோட்டார் ஷோவில் டாடா மோட்டார்ஸ் ‘டாமோ ரசெமோ’ என்றொரு காரைக் காட்டியது. இரண்டே இருக்கை. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் சக்கரங்கள்தான் ஓட்டும். எடை 800 கிலோவை ஒட்டி என்றார்கள். ஆறு விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகம் என்றார்கள். பார்த்தவர்களுக்கு வாய் பிளந்தது. எஞ்சின் என்ன என்று கேட்டபோதுதான் பலர் முகம் சுருங்கியது. டியாகோவில் இருக்கும் அதே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் ரெவட்ரான் குடும்பம்!

முகம் சுருங்கியிருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அந்த எஞ்சின் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். டியாகோவில் டர்போ இல்லாமல் 85 குதிரைத்திறன். நெக்ஸானில் டர்போ மாட்டி வந்தபோது 110. 2018-ல் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து ‘டியாகோ ஜேடிபி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதில் 114. ரசெமோவில் 190. கொள்ளளவு எல்லாவற்றிலும் 1,200 சிசிக்கு ஒரு பொடி குறைவு. உள்ளே போகும் காற்றும், அந்தக் காற்றைத் தாங்கும் பாகங்களும்தான் வேறு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டுமே! டர்போ செய்வது அவ்வளவுதான். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். புகைப் பக்கத்துச் சக்கரம் தணல் நிறத்துக்குச் சிவக்கும். அந்தச் சூட்டில் உருகாமல், நீளாமல் நிற்க நிக்கல் கலந்த சூப்பர் அலாய் வேண்டும். கஞ்சன்பாகில், உலோகம் செய்யும் மிதானியிலும் உலோக ஆய்வகமான டிஎம்ஆர்எல்லிலும் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் உலோகம் பற்றி இதற்குமேல் பேச எனக்குத் துணிவில்லை.

மூன்று சிலிண்டர் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. டர்போவுக்கு மூன்று சிலிண்டர் உண்மையில் நல்ல ஜோடி. நான்கு சிலிண்டரில் ஒரு சிலிண்டரின் புகை வெளியேறி முடிவதற்குள் அடுத்தது திறந்துகொண்டு இடிக்கும். அதைப் பிரித்து அனுப்பத் தனிக் குழாய் ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று சிலிண்டரில் ஒன்றுக்கொன்று 240 பாகை இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு புகை உந்தலும் தனித்தனியாக வந்து டர்போவைத் தட்டும். டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ரசெமோவின் 210 நியூட்டன் மீட்டர் இழுவை 2,500 சுற்றிலேயே கிடைக்கும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுங்கும், உண்மைதான். மூன்று சிலிண்டருக்கு முன்னும் பின்னும் ஆடும் குணம் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் அதைக் குறையாகச் சொல்ல மாட்டான்.

கோயம்புத்தூருக்கு இது புதிதும் இல்லை. எஸ். கரிவர்தன் 1988-ல் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரைச் செய்தபோது அவர் எடுத்துக்கொண்டது மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். அதுவும் மூன்று சிலிண்டர்தான். இறக்குமதி எஞ்சினுக்கு ஏங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கார் பிறந்தே இருக்காது. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கழற்றிப் பூட்டத் தெரிந்த எஞ்சின், கேட்ட இடத்தில் ஸ்பேர். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அந்தக் காரில்தான் பந்தயம் பழகியது.

சரி, ரசெமோவைவிட வேகமான ரசெமோ வேண்டும் என்றால் என்ன போட்டிருப்பார்கள்? அந்தக் கார் உற்பத்திக்கே வராமல் நின்றுபோனது. ஆகவே இது முழுக்க ஊகம். ஆனாலும் ஊகிக்கச் சரக்கு இருக்கிறது.

ஜெனீவாவில் ரசெமோவைக் காட்டிய அடுத்த மாதம், டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார், தன் எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் காரில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 300 குதிரைத்திறன் இன்ஜெனியம் எஞ்சினை அறிவித்தது. ஒரே குடும்பம், ஒரே வருஷம். ‘அதைத் தூக்கி இதில் வை’ என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. வைத்துப் பார்ப்போம். எஞ்சின் தனியாக வராது. 300 குதிரைத்திறனுக்கு ஈடுகொடுக்கும் கியர்பாக்ஸ் வேண்டும், தடித்த டிரைவ் ஷாஃப்ட் வேண்டும். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையில் போகிறது, மீதி ரேடியேட்டர் தலையில் விழுகிறது. ஆகவே பெரிய ரேடியேட்டர், பெரிய இன்டர்கூலர், அவற்றுக்குக் காற்று வர பெரிய வாய். வேகம் கூடினால் பிரேக் பெரிதாக வேண்டும், பெரிய பிரேக்குக்குப் பெரிய சக்கரம். 3.8 மீட்டர் நீளக் காரில் இதற்கெல்லாம் இடம் எங்கே? கடைசியில் எடை ஏறி, நீளம் கூடி, நீங்கள் ஆசைப்பட்ட அந்தச் சின்னக் கார் காணாமல் போயிருக்கும்.

விமானத்திலும் இதே கதைதான். தேஜஸ் மார்க்-1-க்கு ஜிஇ 404 எஞ்சின். அடுத்த பெரிய மாடலுக்கு 2010-ல் ஜிஇ 414 தேர்வானது. எஞ்சினை மாற்றி ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. விமானமே நீண்டு, பருத்து, வேறு விமானமாகிவிட்டது.  காருக்குத் திரும்புவோம்.

எடையைவிடக் கறாரான ஒன்று வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார் என்பதற்கு ஒரு கோடு போட்டார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500-க்குள். அதற்குள் அடங்கினால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம். அன்றிலிருந்து இந்தியாவில் எஞ்சின் தேர்வை எஞ்சினியர் பாதி செய்கிறார், மீதியை நிதியமைச்சகம் செய்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோவைப் பாருங்கள். 2010-ல் 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன். கார்ப் பித்தர்கள் கொண்டாடினார்கள். அது போனபின் 2013-ல் ஜிடி டிஎஸ்ஐ வந்தது. 1.2 லிட்டர் டர்போ, அதே 105 குதிரைத்திறன். இழுவை மட்டும் 153-லிருந்து 175 ஆகக் கூடியது. எஞ்சின் கால் பங்கு சுருங்கியது, கார் துள்ளல் கூடியது, வரியும் கோட்டுக்குள் வந்தது. ‘1.2-வா?’ என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டார்கள்.

ரசெமோவின் நீளமும் நான்கு மீட்டருக்குள், எஞ்சினும் 1,200-க்குள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டியை வைத்துப் பார்த்தால் கோடு இன்னும் கறார். அந்த அளவுக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்தால் 40. மின்சாரக் காருக்கு 5. காரை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்ற வேண்டாம், எஞ்சினில் முன்னூறு சிசி கூட்டினால் வரி இரட்டிப்பாகிவிடும். எந்தக் கம்பெனிக் கூட்டத்திலும் இந்தக் காகிதம்தான் மேசையின் நடுவில் இருக்கும்.

வெளிநாட்டில் இந்தக் கோடு இல்லையே, அங்கே ஆசைப்பட்ட எஞ்சினை வைக்கலாமே என்பீர்கள். ஜாகுவாரின் கதையைக் கேளுங்கள். 1988 பிரிட்டிஷ் மோட்டார் ஷோவில் எக்ஸ்ஜே220-ஐக் காட்டினார்கள். வி12 எஞ்சின், நான்கு சக்கர இழுவை. பணத்தைக் கட்டிவிட்டுப் பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 1992-ல் கார் வந்தபோது உள்ளே இருந்தது 3.5 லிட்டர் வி6, இரட்டை டர்போ, பின் சக்கர இழுவை மட்டும். அதிலும் அந்த வி6-இன் பூர்வீகம் ‘மெட்ரோ 6ஆர்4’ என்ற ராலி கார். சின்னக் குடும்பக் காரின் பெயர் தாங்கிய வண்டி! வாங்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். ஆனால் எண்ணைப் பாருங்கள். வி12 தருவதாகச் சொன்னது 500 குதிரைத்திறன் அளவு, வந்த வி6 தந்தது 542. நீளமான வி12 போனதால் சக்கர இடைவெளியைக் குறைக்க முடிந்தது, எடையும் குறைந்தது. மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டி, அன்றைய உலகின் மிக வேகமான சாலைக் கார்களில் ஒன்றானது. வாங்கியவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு சிலிண்டரின் ஓசைக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கட்டினார்கள். வேகம் பற்றிய அவர்களுடைய ஊகம்தான் பிசகியது.

அதே ஜாகுவார், டாடா கைக்கு வந்தபின், 2010 பாரிஸ் கண்காட்சியில் சி-எக்ஸ்75-ஐக் காட்டியது. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே உடம்புக்குள் மூன்று உயிர் புகுந்து பார்த்த கார் இது. முதலில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின் மோட்டார், அவற்றுக்கு மின்சாரம் ஊட்ட இரண்டு குட்டி கேஸ் டர்பைன். ஒவ்வொன்றும் 70 கிலோவாட், நிமிடத்துக்கு 80,000 சுற்று. கற்பனைக்கு அளவே இல்லை. உற்பத்தி செய்யலாம் என்று வில்லியம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உட்கார்ந்தபோது டர்பைன் போய்விட்டது. பதிலுக்கு வந்தது 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர். சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்த்து 500 குதிரைத்திறன், 10,000 சுற்று. கூட இரண்டு மின் மோட்டார். நம் ஊர் செடான் காரின் கொள்ளளவில் இருந்து 500! என் கைக்கு ஒரு நாள் கிடைத்திருந்தால் முழுவதும் கழற்றிப் பார்த்திருப்பேன். 2012 டிசம்பரில், பொருளாதார நிலைமை சரியில்லை என்று திட்டத்தையே கைவிட்டார்கள். மூன்றாவது உயிர் சினிமாவில். 2015-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஸ்பெக்டர்’-இல் ரோம் நகரத்துச் சந்துகளில் துரத்தி வரும் சி-எக்ஸ்75-ஐ நினைவிருக்கிறதா? அந்த ஸ்டண்ட் கார்களுக்குள் இருந்தது ஜாகுவாரின் பழகிய 5 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8. படிகளில் குதிக்க வேண்டும், அடிபட்டால் அன்றிரவே சரிசெய்து மறுநாள் ஓட வேண்டும். அதற்கு அலமாரியில் இருந்த எஞ்சின்தான் கைகொடுத்தது.

போர்ஷேக்காரர்கள் இதைச் சாமர்த்தியமாகச் செய்வார்கள். 2015-இன் கேமன் ஜிடி4-க்குத் தனி எஞ்சின் தேடாமல், 911 கரேரா எஸ்-இன் 3.8 லிட்டரை எடுத்துத் திருப்பி மாட்டினார்கள். 2021-இல் ஜிடி4 ஆர்எஸ் வந்தபோது 911 ஜிடி3-இன் 4 லிட்டர் வந்து சேர்ந்தது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது மாதிரி. போர்ஷேவில் அடுத்து என்ன எஞ்சின் வரும் என்று ஊகிப்பவர் அண்ணனின் பீரோவைத் திறந்து பார்த்தால் போதும்.

இனி நம் ஊருக்கு வருவோம். வேகத்தைக் கூட்டும் இரண்டு எதிரெதிர் வழிகளை, ஒரே சாலையில், மூன்றே மாத இடைவெளியில் பார்த்த ஊர் ஹைதராபாத். ஹுசைன் சாகர் கரையில், தலைமைச் செயலகத்தைச் சுற்றி, என்டிஆர் மார்க்கில் போட்ட பந்தயப் பாதை. பஸ்ஸுக்காக நாம் காத்து நிற்கிற அதே தார்ச்சாலை. 2022 நவம்பர், டிசம்பரில் அங்கே இந்தியன் ரேசிங் லீக். ஓடியவை ‘உல்ஃப் ஜிபி08 தண்டர்’ கார்கள். அவற்றின் எஞ்சின் ஒரு மோட்டார் பைக் எஞ்சின்! அப்ரிலியா ஆர்எஸ்வி4-இன் 1,100 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 220 குதிரைத்திறன். காரின் எடை நானூறு கிலோகூட இல்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எஞ்சினின் இழுவை 120 நியூட்டன் மீட்டர் அளவுதான். சாதாரண டியாகோவின் இழுவை 114. கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு எப்படி 85-க்கும் 220-க்கும் வித்தியாசம்? சுற்று. டியாகோ 6,000-ல் மூச்சு வாங்கும்போது இது 13,000-ல் கத்திக்கொண்டிருக்கும். குதிரைத்திறன் என்பது இழுவையைச் சுற்றால் பெருக்கி வரும் கணக்கு. கடையில் ‘எத்தனை பிஎச்பி?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பாதிக் கணக்கோடு வருகிறார்கள்.

2023 பிப்ரவரி 11-இல் அதே பாதையில் மின்சாரக் கார்களின் ‘ஃபார்முலா இ’ பந்தயம். 2.83 கிலோமீட்டர், 18 வளைவு. சத்தத்தை எதிர்பார்த்து வந்த கூட்டம் கொஞ்சம் திகைத்தது, விசில் ஊதியபடி போகும் கார்கள். சாதாரணமாக 300 கிலோவாட், ‘அட்டாக் மோட்’-இல் 350. பிரேக் பிடிக்கும்போது 600 கிலோவாட் வரை திரும்ப பேட்டரிக்குள் இழுக்கும். அந்த பேட்டரியைச் செய்தது, சி-எக்ஸ்75-இல் நாம் பார்த்த அதே வில்லியம்ஸ் பொறியியல் பிரிவின் வழிவந்த நிறுவனம். முதலிடத்தில் புறப்பட்ட ஜாகுவாரின் மிட்ச் எவன்ஸை, ஹேர்பின் வளைவில் அவருடைய சொந்த அணிக்காரரான சாம் பேர்டே வந்து இடித்து, இருவரும் வெளியேறினார்கள். ஆனால் ஜாகுவாரின் மோட்டாரை விலைக்கு வாங்கி ஓட்டிய என்விஷன் அணியின் நிக் கேசிடி இரண்டாவதாக வந்தார். முதலிடம் ழான்-எரிக் வெர்ன். கடைசிச் சுற்றுகளில் கையில் குறைவான சக்தியை வைத்துக்கொண்டே கேசிடியை முந்தவிடாமல் மறித்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது இடம். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியவர் செபாஸ்டியன் புவெமி. அவருக்குத் தண்டனை கொடுத்துப் பின்னால் தள்ளினார்கள். குற்றம் என்ன தெரியுமா? அனுமதித்த அளவுக்குமேல் மோட்டார் சக்தி எடுத்துவிட்டது. எஞ்சின் போதவில்லை என்று நாம் அங்கலாய்க்கிறோம், அங்கே ஒருவர் மோட்டார் அதிகமாகத் தந்ததால் மேடையை இழக்கிறார். மின்சாரத்தில் சக்தி என்பது மென்பொருளில் எழுதும் ஓர் எண்தான். அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடி நடக்க வேண்டிய பந்தயம், 2024 ஜனவரியில் ரத்தானது. அதன் அரசியல் நமக்கு வேண்டாம்.

மோட்டாருக்கு இந்த ஊரில் இன்னொரு சாதகமும் உண்டு. ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைவு. மே மாதம் நாற்பது டிகிரி வெயிலில் காற்று இன்னும் மெலியும். டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் எஞ்சின், குளிர்ந்த கடற்கரைக் காலையில் தருவதை இங்கே மதியத்தில் தராது. பத்துப் பன்னிரண்டு குதிரை வழியிலேயே நின்றுவிடும். டர்போ இருந்தால் அது கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, பேட்டரியைக் குளிர வைத்தால் சரி.

அப்படியானால் வேகமான ரசெமோவுக்கு மோட்டார்தானா? வரியும் 5 சதவீதம்தானே? ஒரு கணக்கு. 2025-இல் வந்த டாடா ஹாரியர் இவி, நான்கு சக்கர இழுவை மாடல், முன்னும் பின்னும் மோட்டார், 504 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 6.3 விநாடி. எடை இரண்டு டன்னைத் தாண்டும். ரசெமோ அதில் பாதித் திறனைக்கூட எட்டாமல், ஆறு விநாடிக்குள் என்றது. ஹாரியரின் பேட்டரியில் பாதியை ரசெமோவுக்குள் திணித்தாலும் அது 800 கிலோ காராக இருக்காது. நேர்க்கோட்டில் பறக்கும், வளைவில் எடை தெரிந்துவிடும்.

ஆகவே முன்வரிசையில் ‘என்ன எஞ்சின், சொல்லுங்கள் சார்’ என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு என் பந்தயம் இது. எஞ்சின் அதே 1.2 லிட்டராகத்தான் இருக்கும். 190 என்பது 210, 220 ஆகலாம். டர்போ ஓர் அளவு பெரிதாகும், பிஸ்டன் வார்ப்பிலிருந்து ஃபோர்ஜிங்குக்கு மாறும், இன்டர்கூலர் வளரும். ‘டிசி அவந்தி’ என்ற நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் 310 பதிப்பிலும் இதுதான் நடந்தது. அதே 2 லிட்டர் எஞ்சின், 250 இருந்தது 310 ஆனது.

ஆனால் எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவேன். ரசெமோவில் வைத்திருந்தது ஆறு கியர் ஏஎம்டி. கிளட்சிலும் கியரிலும் நாம் செய்கிற வேலையை ஒரு சின்ன இயந்திரக் கை செய்யும் ஏற்பாடு. பஞ்சாரா ஹில்ஸ் டிராஃபிக்குக்கு அது வரப்பிரசாதம். பந்தயக் காரிலோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் இழுவை அறுந்து, தலை ஒருமுறை முன்னால் ஆடிவிட்டு வரும். டியாகோ ஜேடிபியில் நெக்ஸான் எஞ்சினையே வைத்தும் இழுவையை 170-லிருந்து 150-க்கு இறக்கினார்களே, ஏன்? சின்னக் காரின் கியர்பாக்ஸ் தாங்க வேண்டுமே என்றுதான் இருக்கும் என்பது என் ஊகம். முதலில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்றை, ஐம்பது கிலோவுக்கு மேல் எடை கூட்டாமல், அந்தப் பின்புறத்தில் உட்கார வைத்துக் காட்டட்டும். 190 குதிரையே நூறை எட்டும் நேரத்தைக் குறைத்துக் காட்டும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எஞ்சினைப் பற்றிப் பேசலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.